இதய நோயிலிருந்து அல்சைமர் நோய்க்கு: ராபர்ட் மேலியின் அபோ-ஈ ஆய்வுகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி – உயிர்வேதியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இறுதியாண்டுக் கருத்தரங்கக் கட்டுரைக்காக அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் மேலியின் பணிகளைத் தொகுத்து வருகிறேன். 1970களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றியபோது, கொலஸ்ட்ரால் மிகுந்த தீவனம் கொடுக்கப்பட்ட விலங்குகளின் இரத்தத்தில் கொழுப்புப் புரதத் துகள்கள் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார். பிறகு 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்றிருக்கிறார். அந்த நிறுவனம் தொடக்கத்தில் இதய, இரத்தநாள நோய்களுக்காகவே அமைக்கப்பட்டது. ஆனால் 1990களுக்குப் பின் அவருடைய கட்டுரைகளில் பெரும் பகுதி அல்சைமர் நோயைப் பற்றியதாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள். இதை அவர் துறை மாறியதாக எழுதுவதா, தொடர்ந்து ஒரே வழியில் சென்றதாக எழுதுவதா? அடுத்து, இரு நோய்களுக்கும் ஒரே மரபணு தொடர்புடையது என்றால், இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைப்பதால் அல்சைமர் நோயையும் தடுக்க முடியும் என்று சொல்லலாமா? "இதயத்துக்கு நல்லது மூளைக்கும் நல்லது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதையே விளக்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி – கொழுப்புப் புரத ஆய்வாளர்

உங்கள் தயக்கம் சரியானது. முதல் ஐயத்துக்கு விடை, துறை மாறவில்லை என்பதே. மேலி பின்தொடர்ந்தது அபோ-ஈ என்ற ஒரே புரதத்தை. அது அவரை இதயத்திலிருந்து நரம்புக்கு இட்டுச் சென்றது.

அபோ-ஈ 299 அமினோ அமிலங்களால் ஆனது. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துகளின் மேல் அமர்ந்து, அதை எந்தச் செல் ஏற்க வேண்டும் என்று காட்டும் முகவரிச் சீட்டைப் போலச் செயல்படுகிறது. கல்லீரல் செல்களின் மேல் உள்ள, எல்டிஎல் என்ற கொழுப்புத் துகளைப் பிடிக்கும் எல்டிஎல் ஏற்பி அதை அடையாளம் கண்டு துகளை உள்ளிழுத்துக்கொள்ளும். மனிதர்களிடம் இந்தப் புரதம் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. பெரும்பான்மையோரிடம் இருப்பது ஈ3. மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு 112, 158 ஆகிய இரண்டே இடங்களில்தான் உள்ளது. ஈ3இல் 112ஆம் இடத்தில் சிஸ்டீனும் 158ஆம் இடத்தில் அர்ஜினைனும் இருக்கின்றன. ஈ2இல் இரண்டு இடத்திலும் சிஸ்டீன், ஈ4இல் இரண்டு இடத்திலும் அர்ஜினைன். இதை மேலியும் அவருடைய நெடுநாள் கூட்டாளி கார்ல் வைஸ்கிரேபரும் 1980களின் தொடக்கத்தில் தெளிவுபடுத்தினார்கள். அப்போது அவர்கள் மூளையை நினைத்து அதைச் செய்யவில்லை. சிலருடைய இரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் ஏன் வெளியேறாமல் தேங்குகின்றன என்பதுதான் அவர்களின் கேள்வி. ஈ2 வடிவம் எல்டிஎல் ஏற்பியோடு ஏறக்குறைய இணைவதே இல்லை என்பது அதற்கு விடையாகக் கிடைத்தது.

நரம்பு மண்டலத்தோடு உறவு எப்படி வந்தது என்பதற்கு உங்கள் கட்டுரையில் நிறைய இடம் கொடுங்கள், ஏனெனில் பலரும் அல்சைமர் தொடர்பு வெளிப்பட்ட 1993இலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் எரிக் ஷூட்டரின் ஆய்வுக்கூடம் எலியின் காலுக்குச் செல்லும் சயாடிக் நரம்பை நசுக்கி, அது மீண்டும் வளரும்போது அந்த இடத்தில் என்ன சுரக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. 37 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம் பெருமளவில் குவிந்தது. அது எது என்று தேடியபோது, மேலியின் குழு இரத்தத்தில் ஆராய்ந்துவந்த அதே அபோ-ஈ என்று தெரியவந்தது. சிதைந்த நரம்புறையிலிருந்து கிடைக்கும் கொலஸ்ட்ராலைச் சேமித்து, புதிதாக வளரும் நரம்பிழைக்குக் கொண்டுசேர்க்கும் பணியை அது செய்கிறது என்ற கருத்து அதிலிருந்து உருவானது. அதே காலத்தில், மூளையில் நரம்பணுக்களுக்குத் துணைபுரியும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அபோ-ஈயை உற்பத்தி செய்வதும் மேலியின் குழுவினரால் காட்டப்பட்டது. 1988இல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரையைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் போக்குவரத்தோடு நரம்புச் சீரமைப்பும் அதில் பேசப்படுகிறது. அல்சைமர் நோயுடனான தொடர்பு வெளிப்பட்டது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

அந்தத் தொடர்பைக் கண்டவர் மேலி அல்லர் என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். அது டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவின் கண்டுபிடிப்பு. முதுமையில் தோன்றும் அல்சைமர் நோய் பரவலாக உள்ள குடும்பங்களில் 19ஆம் குரோமோசோம் தொடர்புடையது என்பதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தோடு ஒட்டும் பொருள் எது என்று அக்குழுவின் வாரன் ஸ்ட்ரிட்மேட்டர் தேடியபோது அபோ-ஈ அகப்பட்டது, அதன் மரபணுவும் அதே 19ஆம் குரோமோசோமில் இருந்தது. 1993இல் அவர்கள் 42 குடும்பங்களில் கண்டபடி, ஈ4 பிரதிகள் கூடக்கூட நோய் தொடங்கும் சராசரி வயது 84இலிருந்து 68 வரை இறங்கியது. இவை நோய் மிகுந்த குடும்பங்கள் என்பதால், இந்த எண்களைப் பொது மக்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

மறுமொழி – பொது மருத்துவர்

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

உள்ளங்கைக் கோடுகளில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்டால், இரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் தேங்கும் மூன்றாம் வகைக் கொழுப்புப் புரத மிகைநோய் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அத்தகையவர்களில் பெரும்பாலோரிடம் ஈ2 இரட்டையாக, அதாவது தாய் வழி, தந்தை வழி இரு பிரதிகளும் ஈ2ஆக இருக்கும். அவர்களுக்கு இளம் வயதிலேயே தமனித் தடிப்பு வரக்கூடும். ஆனால் அதே ஈ2தான் அல்சைமர் நோயிலிருந்து ஓரளவு காப்பு தருகிறது. இரத்தத்தில் தீமை செய்யும் வடிவம் மூளையில் நன்மை செய்கிறது என்றால், "இதயத்துக்கு நல்லது மூளைக்கும் நல்லது" என்ற வாசகம் இந்த மரபணுவுக்குப் பொருந்தவில்லை என்பது தெளிவு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஈ2 இரட்டையாக உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மிகைநோய் வருவதே இல்லை. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, உடற்பருமன் போன்ற இரண்டாவது காரணம் ஒன்று சேர்ந்தால்தான் அது பெரும்பாலும் வெளிப்படுகிறது.

மூளையின் கொலஸ்ட்ரால் இரத்தத்திலிருந்து வருவதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டிருக்கிறது, அதை அங்கேயே உற்பத்தி செய்துகொள்கிறது. குருதி-மூளைத் தடுப்பு கொழுப்புத் துகள்களை உள்ளே விடுவதில்லை. அபோ-ஈக்கும் இதுவே பொருந்தும். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் இரத்தத்தில் அபோ-ஈ வடிவம் கொடையாளரின் வடிவமாக மாறியிருந்தது. மூளைத் தண்டுவட நீரிலோ பெற்றவரின் பழைய வடிவமே நீடித்தது. ஒரே மனிதருக்குள் இரண்டு தனித்தனிக் கிடங்குகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

ஆகவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து அல்சைமர் நோயைத் தடுக்கும் என்று எழுதாதீர்கள். 2002இல் வெளியான ப்ராஸ்பர் ஆய்வில் 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேர் பங்கேற்றார்கள். மருந்து இதய நிகழ்வுகளைக் குறைத்தது, அறிவாற்றல் சரிவில் வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. அதற்காகக் கொலஸ்ட்ராலுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நடுத்தர வயதில் இரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதை 2024இல் லான்செட் ஆணையம் மறதிநோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளில் சேர்த்தது. இரத்தநாளங்கள் கெட்டால் மூளையும் பாதிக்கப்படும். அது உண்மையான பாதைதான், ஆனால் அபோ-ஈ மூளைக்குள் நேரடியாகச் செய்யும் வேலையிலிருந்து வேறான பாதை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கல்லீரல் மாற்று ஆய்வைக் கட்டாயம் சேர்க்கிறேன். தொடர்ந்து ஒன்று கேட்கலாமா? ஈ4 மூளையில் தீங்கு செய்வது அது தன் வேலையைச் சரியாகச் செய்யாததாலா, அல்லது அதுவே நச்சாக மாறுவதாலா? மேலியின் கட்டுரைகள் இரண்டாவதையே வலியுறுத்துவதாகத் தோன்றுகிறது.

மறுமொழி – நரம்பியல் ஆய்வு மாணவர்

நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அது இன்னும் தீராத விவாதம். மேலியும் யாடோங் ஹுவாங்கும் முன்வைத்த விளக்கத்தை முதலில் சொல்கிறேன். ஈ4இல் 61ஆம் இடத்து அர்ஜினைனும் 255ஆம் இடத்து குளூட்டாமிக் அமிலமும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், புரதத்தின் இரு பகுதிகளும் நெருங்கி மடிந்துகொள்கின்றன. பாதிப்புக்குள்ளான நரம்பணு தானே அபோ-ஈயை உற்பத்தி செய்யத் தொடங்கும்போது, இப்படி மடிந்த ஈ4 எளிதில் வெட்டுப்பட்டுத் துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கி, நரம்பணுக்களுக்குள் டௌ என்ற புரதம் முறுக்கிக் குவியும் சிக்கலையும் தூண்டுகின்றன. அமிலாய்டு இல்லாமலேயே தீங்கு நேரலாம் என்பதால், அந்த மடிப்பைச் சிறு மூலக்கூறுகளால் நேராக்கும் முயற்சியை அவர்கள் மேற்கொண்டார்கள்.

மறுபுறம், செயின்ட் லூயிஸில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு, அமிலாய்டை மூளையிலிருந்து அகற்றும் வேகத்தை ஈ4 குறைக்கிறது என்று எலிகளில் காட்டியது. ஆனால் அதே குழு 2017இல், டௌ நோயுள்ள எலிகளில் அபோ-ஈயை முற்றிலும் நீக்கினால் நரம்பணு இழப்பு குறைகிறது என்றும் கண்டது. என் பார்வையில் இது நச்சு என்ற பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

அப்படியானால் அபோ-ஈயை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இதயம் குறுக்கே வருகிறது. 1992இல் உருவாக்கப்பட்ட அபோ-ஈ இல்லாத எலிகளுக்குத் தமனித் தடிப்பு தானாகவே வந்தது. இன்றும் அந்நோயை ஆராய்பவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் எலிகளில் அவையும் அடங்கும். 2014இல் விவரிக்கப்பட்ட, அபோ-ஈ அறவே இல்லாத 40 வயது மனிதரின் நிலையும் இதையே காட்டியது. அவருடைய கொலஸ்ட்ரால் கடுமையாக உயர்ந்திருந்தது, ஆனால் அறிவாற்றலில் குறை காணப்படவில்லை. எனவே மருந்து எதுவானாலும் மூளைக்குள் மட்டும் ஈ4ஐக் குறைக்க வேண்டும், அல்லது திருத்த வேண்டும். ஈ2 மரபணுவைத் தண்டுவட நீருக்குள் செலுத்தும் சிறிய மனித ஆய்வுகள், ஈ4 இரட்டையாக உள்ளவர்களிடம் நடந்திருக்கின்றன.

மறுமொழி – பொது மருத்துவர்

மாணவர் சொன்னதோடு நடைமுறைச் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். நீண்ட காலம், அறிகுறியற்றவர்களுக்கு அபோ-ஈ பரிசோதனை வேண்டாம் என்றே சொல்லிவந்தோம், முடிவு தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால். அறிகுறியற்றவர்களைப் பொறுத்தவரை இன்றும் என் நிலைப்பாடு அதுவே. ஆனால் 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் போன்ற அமிலாய்டு எதிர்ப்பு மருந்துகளில், ஈ4 இரட்டையாக உள்ளவர்களுக்கு மூளை வீக்கமும் நுண்ணிய இரத்தக்கசிவும் கூடுதலாக ஏற்படுகின்றன. அதனால் மருந்தைத் தொடங்கும் முன் இந்த மரபணுப் பரிசோதனையைச் செய்து, முடிவை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் விளக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு முடிவு நோயாளியின் பிள்ளைகளைப் பற்றியும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. ஈ4 இரட்டையாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதியாவது சென்றிருக்கும். அதை அவர்கள் அறிய விரும்புகிறார்களா என்று பரிசோதனைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.