புதுப்பிப்பு: ஸ்பாய்லர் ஒருவழியாக எழுந்தது

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேகம் கூடினால் தானே எழும் ஸ்பாய்லரை (பின்பக்கம் காற்றோட்டத்தைத் திருப்பும் பலகை) பொருத்த வேண்டும், மின் சிக்னல் தராத கேபிள் ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டியில் வேகத்தை எப்படி அறிவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சக்கர அச்சில் காந்தம், எதிரே அது கடக்கும் ஒவ்வொரு முறையும் உணர்ந்து சுற்றுகளை எண்ண உதவும் ஹால் சென்சார் என்றவர்களுக்கு நன்றி. அதுவே வேலை செய்கிறது.

ஸ்பாய்லரைத் தூக்கும் மோட்டார், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கிய பவர் விண்டோ மோட்டார். "எந்தக் கதவுக்கு சார்?" என்றார் கடைக்காரர். டிக்கிக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதல் ஓட்டத்திலேயே மானம் போயிற்று. எழுவதற்கும் இறங்குவதற்கும் 80 கிலோமீட்டர் என ஒரே எல்லை வைத்திருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முள் 79, 81 என்று தள்ளாட, ஸ்பாய்லர் வாலாட்டிக் குருவியாகிவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. இப்போது 80-இல் எழும், 30-க்குக் கீழே இறங்கும். போர்ஷே 964 ஸ்போர்ட்ஸ் காரிலும் சுமார் 80-இல் எழும் ஸ்பாய்லர், வண்டி ஏறக்குறைய நிற்கும்போதுதான் இறங்கும். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இரு முனையிலும், ஸ்பாய்லர் எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் கட்டாயம். அதில்லாமல் இரண்டு ஃபியூஸ்களைப் பலி கொடுத்தேன். மழைநீர் மட்டும் இன்னும் கனெக்டருக்குள் கசிகிறது. ஐப்பசிக்குள் அடைத்தாக வேண்டும்.