ஜெர்மன் குவயரை (பாடகர் குழுவை) நடத்தணும், மொழி அரைகுறை: ஒத்திகையில் எதை முதலில் பிடிப்பது?

கேள்வி
ஜெர்மனியில் ஒரு சிற்றூர் புரொட்டஸ்டன்ட் சபையில் ஆர்கன் வாசிக்கிறேன். குவயர் மாஸ்டர் விடுப்பில் போவதால் அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) முழுக்க என் பொறுப்பு. 20 பேர், நாலு பார்ட் (குரல் பிரிவு). நோட்டேஷன் நன்றாக வரும். ஜெர்மன், கடையில் சாமான் கேட்கும் அளவுக்குத்தான். முதல் பாட்டு சபைப் புத்தகத்தின் 1ஆம் எண், 'மஹ்ட் ஹோஹ் டீ ட்யூர்'. எங்கே தொடங்கலாம்?

பதில் 1
பிரதர், உச்சரிப்புக் கவலையை ஓரமா வையுங்க, அது அவங்க தாய்மொழி. முதல் குழப்பம் சுரப்பெயர்லதான் வரும். நாம பி என்பதை அவங்க 'ஹா' என்பாங்க; அவங்க 'பே' என்றால் பி ஃபிளாட், அதாவது அரை சுரம் கீழே. 'பே டூர்' என்று ஆர்கனுக்குக் குறிச்சிருந்தா பி ஃபிளாட் மேஜர். பி மேஜர்ல ஆரம்பிச்சா எல்லாருக்கும் அரை சுரம் ஏறிடும். 'ஃபிஸ்' எஃப் ஷார்ப், 'எஸ்' ஈ ஃபிளாட், 'அஸ்' ஏ ஃபிளாட். மைனர் 'மோல்'.

அடுத்தது எண்கள். 24ஐ 'ஃபீர்-உன்ட்-ட்ஸ்வான்ட்ஸிக்', அதாவது நாலும் இருபதும் என்றுதான் சொல்வாங்க. அவசரத்துல மாத்திச் சொன்னா குழு 42ஆம் பாருக்கு (தாளக்கட்டுக்கு) போயிடும். பார் எண்ணைப் பலகையில எழுதிக் காட்டுங்க.

பேச 'நோஹ் ஐன்மால்' (இன்னொரு தடவை), 'ஆப் டாக்ட்' (இந்த பாரிலிருந்து), 'நூர் ஆல்ட்' (ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் மட்டும்), 'லைஸர்' (சத்தத்தைக் குறைச்சு) போதும். மீதியைக் கை பேசட்டும்.

பதில் 2
சுரப்பெயரைப் போலவே அழுத்தமும் முக்கியம். குழுவில் ஒருவரைப் பாடல் வரிகளை மெதுவாக வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்து, அழுந்தும் அசைகளின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். இந்தப் பாட்டில் 'மஹ்ட்' தாளத்துக்கு முந்தைய எடுப்பு. கனம் 'ஹோஹ்' மேல்தான். அந்தச் சின்ன நோட்டுக்குள் 'ஹ்ட்' என்ற மெய்க்கூட்டமும் அடங்க வேண்டும். எடுப்புக்குக் கையைப் பெரிதாகத் தூக்கினால் 'மஹ்ட்' வீங்கும், முதல் பாரிலேயே வேகம் இழுபடும். மூச்சு எடுக்கும் அசைவைச் சிறியதாக, பாட்டின் வேகத்திலேயே காட்டுங்கள்.

கேட்டவர்
நன்றி. முதல் வரி 'வைட்' என்று முடிகிறதே, கடைசி 'ட்' ஆளுக்கொரு இடத்தில் விழாதா?

பதில் 2
விழும், நீங்கள் முடிவு செய்யாவிட்டால். எந்த பீட்டில் விழ வேண்டும் என்பதை எல்லார் தாளிலும் எழுதச் சொல்லுங்கள். அங்கே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து மூடிக் காட்டுங்கள். அதுவரை வாயில் 'வைட்'டின் 'ஐ' ஒலியில் உள்ள 'ஆ' மட்டும் நிற்கட்டும். 'இ' முடிவில் வந்தால் போதும். முன்னாடியே வந்தால் ஒலி ஒடுங்கிவிடும்.

பதில் 3
ஒரு பார்ட்டைப் பாடிக் காட்டும்போது வார்த்தையோடு பாடாதீர்கள், 'நோ நோ' என்று மெட்டை மட்டும் பாடுங்கள். அப்போது அவர்கள் உங்கள் உச்சரிப்பைக் கவனிக்காமல் சுரத்தைக் கேட்பார்கள். நீண்ட விளக்கம் தேவைப்பட்டால் முதல் வரிசையில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.