எம்.டி.எம்.2 லைகேஸ்: பட்டைகள் தெரியவில்லையே?

ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை:
மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித எம்.டி.எம்.2 யூபிக்விட்டின் லைகேஸை (யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைப் பி53 போன்ற புரதங்கள்மீது ஏற்றும் நொதி), பி53 புரதம், யூபிக்விட்டினைக் கைமாற்றித் தரும் ஈ1, ஈ2 நொதிகள், யூபிக்விட்டின், ஆற்றல் தரும் ஏடிபி, மக்னீசியம் ஆகியவற்றுடன் 37 டிகிரியில் வைத்தும், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் சோதனை) பி53-க்கு மேல், யூபிக்விட்டின் ஏறியதைக் காட்டும் ஏணிப்படி போன்ற பட்டைகள் தோன்றவில்லை. கரைசலில் ஈடிடிஏ (உலோக அயனிகளைக் கட்டும் வேதிப்பொருள்) உண்டு. காரணம் என்னவாக இருக்கும்?

பேட்டை வாசகர்:
ஈடிடிஏவை முதலில் நீக்குங்கள், அம்மா. எம்.டி.எம்.2 புரதத்தில் ஈ2-வுடன் இணையும் ரிங் என்ற பகுதி துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டுதான் தன் வடிவத்தைக் காக்கிறது. ஈடிடிஏ அவற்றைப் பறிப்பதோடு, ஏடிபிக்குத் துணையான மக்னீசியத்தையும் கட்டிவிடும்.

தென்காசி வாசகர்:
ஈ2 எது? யூபிஈ2டி குடும்பம் பொருத்தமானது. பி53 சேர்க்காத குழாய் ஒன்றும் வையுங்கள். லைகேஸ் தன்மீதே யூபிக்விட்டினை ஏற்றிக்கொண்டால், நொதி செயலோடு இருக்கிறது என்று நம்பலாம்.

பேட்டை வாசகர்:
நம் ஊர் வெயிலில் நொதிப் பார்சல் வந்தபோது உலர்பனி மீதமிருந்ததா என்பதையும் பாருங்கள். நொதியைச் சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.