நெய்வேலியில் இத்தனை சங்கம் எதற்கு?

சுரங்கம்2காரன்:
நம்ம என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தில், நிர்வாகத்தோடு பேசப் போவது எந்தச் சங்கம் என்று முடிவு செய்யும் சங்க அங்கீகார வாக்கெடுப்பு வந்தாலே க்யூ பாலத்துப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., பாட்டாளி சங்கம், பி.எம்.எஸ். என்று ஆளுக்கொரு வாயிற்கூட்டம். ஒரு நிறுவனத்துக்கு ஒரே சங்கம் போதும் என்பது என் வாதம். 2013ஐ நினைத்துப் பாருங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதியைக் காட்டி, மத்திய அரசு தன்னிடமிருந்த 93.56 சதவீதப் பங்கை 90ஆகக் குறைக்கக் கிளம்பியது. ஜூலையில் எல்லாச் சங்கமும் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. கடைசியில் அந்தப் பங்கைத் தமிழக அரசு நிறுவனங்கள் ஐந்து வாங்கின, தனியார் கைக்குப் போகவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

வடலூரான்:
அண்ணே, அந்த ஒற்றுமை வேலைநிறுத்தம் முடிகிற வரைக்கும்தான். அப்புறம் சுவரொட்டிகளைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் "அம்மா காப்பாற்றினார்", மறுபக்கம் "2006லேயே கலைஞர் தடுத்தார்". இரண்டும் பொய்யில்லை. 2006இல் கலைஞர் எதிர்த்ததும் மன்மோகன் சிங் பங்கு விற்பனைகளை மொத்தமாகவே நிறுத்தி வைத்தார். ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே நின்றவன் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

அதற்காக ஒரே சங்கம் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தலைவர் ஒவ்வொரு வரியையும் படிக்கிறார் என்றால், மறுநாள் காலை ஷிப்டில் எதிர்ச் சங்கத்துக்காரன் துண்டறிக்கை நீட்டுவானே என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் போய்விட்டால் நிர்வாகத்துக்குத்தான் நிம்மதி.

சுரங்கம்2காரன்:
பயம் சரி தம்பி. ஆனால் போனஸ் பேச்சில் ஒருவன் கையெழுத்துப் போட, இன்னொருவன் வெளிநடப்பு. நிர்வாகம் காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறது!

சட்டம்_பேசுபவர்:
இருவரும் இரண்டு விஷயத்தைக் கலக்குகிறீர்கள். சங்கம் வைப்பது வேறு, பேச்சுக்கு அழைக்கப்படுவது வேறு. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதியலாம் என்றிருந்தது. 2001 திருத்தம் அதை இறுக்கியது: தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். பேச்சு மேசையில் யார் உட்காருவது என்பதற்கு அந்தச் சட்டத்தில் விடை இருக்கவில்லை, அதனால்தான் ரகசிய வாக்கெடுப்பு வந்தது. 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதற்கும் ஒரு கோடு போடுகிறது: தொழிலாளர்களில் 51 சதவீத ஆதரவு பெற்றால் பேச்சுக்கு அந்த ஒரே சங்கம், யாருக்கும் அது கிடைக்காவிட்டால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுக் குழு. நெய்வேலி மாதிரி வாக்கு சிதறும் ஊரில் 51 என்பது எட்டாக்கனிதான்.

மந்தாரக்குப்பம்_ஒப்பந்தம்:
எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வாக்கெடுப்பில் எனக்கு ஓட்டே கிடையாது. நிரந்தரத் தொழிலாளி நிற்கிற அதே கன்வேயர் பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன். 2020 மே மாதமும் ஜூலையிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்ததே, இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று ஊரே அறியும். 2023 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வாழ்த்துச் சொன்ன சங்கங்கள் உண்டு. எங்களோடு சேர்ந்து ஷிப்டை விட்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்?

வடலூரான்:
தோழர், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கென்றே சங்கங்கள் இருக்கின்றனவே.

மந்தாரக்குப்பம்_ஒப்பந்தம்:
இருக்கின்றன, அங்கேயும் இதே போட்டிதான். போட்டி போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஓட்டுக்காகவும் யாராவது போட்டி போடட்டும் என்கிறேன். ஓட்டில்லாதவன் வீட்டுக்கு யார் துண்டறிக்கையோடு வருவார்?

சுரங்கம்2காரன்:
நிரந்தரத் தொழிலாளியின் ஊதிய ஒப்பந்தத்துக்கு நீங்கள் ஓட்டுப் போடுவது எப்படி நியாயம்? உங்கள் சம்பளத்துக்கு வேறு பேச்சு, வேறு மேசை.

மந்தாரக்குப்பம்_ஒப்பந்தம்:
சம்பளத்துக்கு வேறு மேசை என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. கொதிகலன் பாதுகாப்பைப் பேசவும் வேறு மேசையா?

சட்டம்_பேசுபவர்:
இந்த ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லுங்கள், சுரங்கம்2காரன். கொடிக்கணக்கை அப்புறம் பார்க்கலாம்.