மேரி க்யூரி கவிதை: ‘அவளா’, ‘அவரா’?

கேள்வி:
அமெரிக்கக் கவிஞர் அட்ரியன் ரிச் 1974-இல் எழுதிய ‘பவர்’ கவிதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தன் புண்களும் தன் ‘பவரும்’ ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதை மறுத்தபடியே மேரி க்யூரி கதிர்வீச்சு நோயோடு வாழ்ந்து இறந்ததைச் சொல்லும் கவிதை அது. க்யூரியை ‘அவள்’ என்றால் இரண்டு நோபல் வாங்கியவருக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. ‘அவர்’ என்றால் பெண் என்பதே மறைந்துபோகிறது. இந்தக் கவிதையில் பால் அவ்வளவு முக்கியமா?

மறுமொழி 1:
‘அவள்’தான். 1903 நோபலுக்கான பிரெஞ்சுப் பரிந்துரையில் அவள் பெயர் விடுபட்டதோ, 1911-இல் அறிவியல் அகாதெமி அவளைச் சேர்க்க மறுத்ததோ கவிதையில் கிடையாது. ‘பெண்’ என்ற சொல்லே கடைசிப் பகுதியில் ஒரே தடவைதான். மீதி பாரம் முழுக்க ‘ஷி’, ‘ஹெர்’ மேல். ஆங்கிலத்தில் அவற்றுக்கு மரியாதைக் கணக்கு இல்லை. ‘இறந்தார்’ என்றால் இரங்கல் செய்தி வாடை அடிக்கும். ‘பெண்மணி’யும் வேண்டாம்.

பெரிய சிக்கல் முடிவில்தான். தமிழ் வழக்கப்படி வினைமுற்றைக் கடைசியில் போட்டு ‘மறுத்தபடியே புகழ்பெற்ற பெண்ணாக இறந்தாள்’ என்று முடித்தால் கவிதை சாவில் முடிந்துவிடும். மூலத்தில் கடைசிச் சொல் ‘பவர்’. ‘இறந்தாள்’ முன்னால் வரட்டும். ‘மறுத்தபடி’ இரண்டு முறை தனித்தனி வரியில் நிற்கட்டும்.

மறுமொழி 2:
தலைப்பை ‘சக்தி’ ஆக்கிவிடாதீர்கள், அம்மன் வந்து உட்கார்ந்துவிடுவாள். கவிதை காட்டுவது கண்புரை, வெடித்துச் சீழ்கட்டிய விரல்நுனி, சோதனைக்குழாயோ பென்சிலோ பிடிக்க முடியாத கை. ‘அதிகாரம்’ அரசியலோடு நின்றுவிடும். பள்ளிப் பாடத்தில் பவருக்குத் ‘திறன்’, எனர்ஜிக்குத்தான் ‘ஆற்றல்’. இருந்தாலும் என் ஓட்டு ‘ஆற்றல்’. ரேடியத்துக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும்.

‘சோர்ஸ்’ இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டிலும் ஒரே சொல் வேண்டும். ‘மூலம்’ என்று புண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வாசகர் சிரித்துவிடுவார். ‘ஊற்று’ சரிப்படும்.

மறுமொழி 3:
‘அறிந்திருப்பாள்’, ‘மறுத்தாள் போலும்’ என்ற ஊகத் தொனியை விடாதீர்கள். ‘அறிந்திருந்தாள்’ என்று உறுதியாக்கினால் அது அவள்மேல் குற்றச்சாட்டு.

முதல் வரியில் வரலாறு ‘நம்’ வரலாறா, ‘எங்கள்’ வரலாறா என்பதும் பால் சார்ந்த கேள்விதான். ‘எங்கள்’ போட்டால் ஆண் வாசகர் வெளியே போய்விடுவார். மண்ணிலிருந்து பழைய டானிக் பாட்டில் வெளிப்படும் இடம் அது, அங்கே ‘நம்’ போதும். வானியலாளர் கரோலின் ஹெர்ஷலை நினைத்து ரிச் 1968-இல் எழுதிய ‘பிளானட்டேரியம்’ வேறு கதை. நிலவுக்குக் கட்டுப்பட்டவள், ‘எங்களைப் போல’ என்றால்தான் அங்கே சரி.