மூழ்குகிறவனைக் காப்பாற்றினால் கடல் பழிவாங்குமா?

அயர்லாந்தின் மேற்குக் கரையோர நம்பிக்கைகளில் என்னை இன்னும் உறுத்துவது இதுதான்: கடல் கேட்ட ஆளைப் பிடுங்கிக்கொண்டு வந்தால், காப்பாற்றினவனையே அது பிறகு எடுத்துக்கொள்ளுமாம். மீன்பிடிக்கப் போகிற வழியில் செம்பட்டைமுடிப் பெண் எதிர்ப்பட்டால் வீடு திரும்புவது, படகில் பன்றியின் பேரைச் சொல்லாமலிருப்பது எல்லாம் சரி, யாருக்கும் கெடுதலில்லை. கைநீட்டிக் கத்துகிறவனை விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்?

—

போகவில்லையே! கிளேர் மாவட்டத்துக் குவில்ட்டியை மறந்துவிட்டீர்களா? 1907 அக்டோபர் தொடக்கத்தில் ‘லியோன் 13’ என்ற பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் கோதுமையோடு வந்து பாறையில் மாட்டியது. அந்தப் புயலில் மீனவர்கள் கரக் என்ற தங்கள் சிறு துடுப்புப் படகுகளை இறக்கி 13 மாலுமிகளைக் கரைசேர்த்தார்கள். மிச்சப்பேரைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்டது. அதற்காகத் திரண்ட நிதியில் எழும்பிய தேவாலயம் 1911-ல் திறக்கப்பட்டது, வட்டக் கோபுரத்தோடு இன்றும் நிற்கிறது. நம்பிக்கை ஊரில் இருந்திருக்கும். அன்றைக்கு அதை யாரும் சட்டைசெய்யவில்லை.

—

மேலே இருவரும் படகை விட்டுவிட்டீர்கள். அந்தப் பயம் வெறும் கதையில்லை. கரக் என்பது மெல்லிய மரச்சட்டத்தின் மேல் கான்வாஸ் இழுத்துத் தார் பூசியது. அடிக்கட்டை கிடையாது. தண்ணீரில் கிடப்பவன் பக்கவாட்டு விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் எல்லோரும் கவிழ வேண்டியதுதான். பின்பக்கமாக இழுத்து ஏற்றுவதுதான் பத்திரம்.

துடுப்பைக் கவனியுங்கள். நுனியில் தட்டையான அலகே இல்லாத ஒல்லிக் கம்பு. அதில் அறைந்த முக்கோணக் கட்டையின் துளை, விளிம்பிலுள்ள ஒற்றை முளையில் மாட்டிக்கொள்ளும். கையை விட்டாலும் துடுப்பு மிதந்து போகாது. இரண்டு கையாலும் ஆளைப் பிடிக்கலாம். குவில்ட்டியை நினைக்கும்போதெல்லாம் அந்த முளைதான் என் கண்ணில் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பழைய கரக் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆணியடித்த பூட்ஸோடு ஏறாதீர்கள். சட்டங்களுக்கு நடுவே குதிகால் ஊன்றினால் கான்வாஸ் கிழியும். ஒட்டுப்போடும்போது கிழிசலைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலம் கூடுதலாகத் துணி வெட்டுங்கள். ஈரத்தின்மேல் தார் பிடிக்காது, நன்றாகக் காயவிடுங்கள். தாரைச் சூடாக, மெல்லிசாகத் தேயுங்கள். தடிமனாக அப்பினால் குளிரில் வெடித்து உரியும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கித் துணி உள்ளேயே மக்கிப்போகும். கரையில் கவிழ்த்துவைத்து, கயிறு போட்டு, இரண்டு பக்கமும் கனமான கல் கட்டுங்கள். சில ஆட்கள் தலைக்குமேல் தூக்கிப் போகிற படகு அது, மேற்குக் காற்றுக்கு ஒரு பொருட்டேயில்லை.