மறு: எஸ்ஆர், டிஆர், சிஆர் மூணுக்கும் ஒரே தமிழா?

> மூணுமே மெதுவா வேலை செய்யற மாத்திரைதானே, "நீடித்த வெளியீட்டு மாத்திரை"ன்னு பொதுவா போட்டுடலாமே

ஐயா, அங்கதான் இடிக்குது. மாத்திரை அட்டையில பேருக்குப் பின்னாடி வர்ற எஸ்ஆர்னா சஸ்டெயின்ட் ரிலீஸ், டிஆர்னா டிலேய்டு ரிலீஸ், சிஆர்னா கன்ட்ரோல்டு ரிலீஸ். டிஆர் மெதுவாவே வேலை செய்யாது. வயித்து அமிலத்தைக் குறைக்கத் தர்ற பேன்டோபிரசோல் எடுத்துக்குங்க, அமிலம் பட்டா கெட்டுப்போற சரக்கு, அதனால மேல ஒரு பூச்சு, அது வயித்துல கரையாம குடலுக்குப் போய் அமிலம் குறைஞ்சு பிஎச் 5.5 தாண்டுனப்புறம்தான் கரையும், கரைஞ்சா மருந்து மொத்தமும் வந்துடும். லேட்டா ஆரம்பிக்குதே தவிர நீடிக்கல.

எஸ்ஆர் வேற கதை. சுகர்காரங்க போடற மெட்ஃபார்மின் எஸ்ஆர்ல பெரும்பாலும் எச்பிஎம்சி மாதிரி ஒரு பாலிமர் இருக்கும், தண்ணி பட்டதும் சுத்தி கொழகொழன்னு ஜெல் கட்டிக்கும், மருந்து அதுக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும். நேரம் நீளும், ஆனா சீரா வராது, முதல்ல ஜாஸ்தி, போகப்போக கம்மி.

சீரா வேணும்னா பிபிக்கு தர்ற நிஃபெடிபின்ல ஒரு வகை இருக்கு பாருங்க, ஆஸ்மோட்டிக் பம்ப், அதாவது சவ்வூடுபரவல்ல ஓடற பம்ப். மாத்திரை மேல்தோல்ல லேசர்ல போட்ட பொடி ஓட்டை ஒண்ணு, தோல் வழியா தண்ணி உள்ள போகும், அடி லேயர் உப்பி மருந்தை ஓட்டை வழியா தள்ளும், மணிக்கு மணி கிட்டத்தட்ட ஒரே அளவு. வேலை முடிஞ்சா வெறுங்கூடு மலத்துல வந்துடும், அதைப் பாத்துட்டு மாத்திரை கரையவே இல்லைன்னு பதறிப்போய் மருந்துக்கடையில வந்து நிக்கறவங்க உண்டு.

கம்பெனிக்காரங்க எஸ்ஆர், சிஆர், ஈஆர், எக்ஸ்எல்னு இஷ்டத்துக்குப் போடறாங்க, அதனால அட்டையில இருக்கற எழுத்தை விட்டுட்டு வேலை செய்யற விதத்துக்குப் பேர் வைக்கணும்ங்கறது என் கட்சி. டிஆர் பின்விடு மாத்திரை, எஸ்ஆர் நீள்விடு மாத்திரை, சிஆர் சீர்விடு மாத்திரை. "வெளியீடு"ன்னா புத்தகம் போடற மாதிரி இருக்கு, "கசிவு"ன்னா அட்டையே ஒழுகுதோன்னு தோணும், "உமிழ்" ரத்தக்குழாய்ல வைக்கற மருந்து தடவின ஸ்டென்ட்டுக்குப் பொருந்தும், முழுங்கற பொருளுக்கு வேணாமே.

---

> டிஆர் பின்விடு மாத்திரை

அண்ணா, நீள்விடு, சீர்விடு ரெண்டும் அருமை, ஆனா பின்விடுன்னா பேதி மாத்திரைன்னு நினைச்சுக்குவாங்க 😀 "குடல்கரை மாத்திரை" எப்படி?

---

சிரிச்சு மாளல, பின்விடு வாபஸ். குடல்கரை நல்லாருக்கு, எங்க கரையுதுன்னும் சொல்லிடுது. சந்தி போட்டு "குடற்கரை" ஆக்கிடாதீங்க, கடற்கரை மாதிரி ஆயிடும். டிஆர்ல குடலைச் சாராத வகை வந்தா அப்ப பாத்துக்கலாம்.

இன்னும் ஒண்ணு பாக்கி. முழுங்க முடியாத பெரியவங்களுக்கு வீட்ல நீள்விடு மாத்திரையை நசுக்கித் தந்துடறாங்க, அப்ப நாள் முழுக்க வரவேண்டிய மருந்து ஒரேயடியா ரத்தத்துல ஏறிடும். இந்த டோஸ் டம்ப்பிங்குக்கு "மருந்துக்கொட்டல்"னு யோசிச்சேன், வேற ஏதாச்சும் தோணுதா?